'ஒயாசிஸ்' படத்தில் அவள் எழுந்து நிற்கும் காட்சி

வைகைக்கரை:

நண்பர்களே, நேற்று ராத்திரி லீ சாங்-டோங்கின் 'ஒயாசிஸ்' (2002, தென் கொரியா) படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது ஒரு காதல் கதையாகத்தான் மனதில் தங்கியது. இந்த முறை ஒரே ஒரு காட்சி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அதைப் பேசத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஜோங்-டு ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான். வெளியே நல்ல குளிர், அவன் உடம்பில் அரைக்கைச் சட்டை. கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில் உள்ளே போனவன். இறந்தவரின் குடும்பத்தைப் பார்க்கப் பழக்கூடையோடு போகிறான். அங்கே அவர் மகள் கோங்-ஜு இருக்கிறாள். மூளை முடக்குவாதம். கை, கால், முகம் எதுவும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் சிக்கிச் சிக்கித்தான் வரும். அன்றைக்கு அவள் அண்ணனும் அண்ணியும் வேறு வீட்டுக்குக் குடிபோகிறார்கள், அவளைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு. இவர்கள் இருவரின் உறவு தொடங்குவதே ஒரு வன்முறையில். அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அது தனி விவாதம், இங்கே அதற்குள் போகவில்லை.

நான் சொல்லும் காட்சி ரயிலில் வருகிறது. சக்கர நாற்காலியில் கோங்-ஜு, பக்கத்தில் ஜோங்-டு. எதிரே ஒரு காதல் ஜோடி. அந்தப் பெண் காலி தண்ணீர் பாட்டிலால் காதலன் தலையில் செல்லமாகத் தட்டி விளையாடுகிறாள். கோங்-ஜு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று அவள் எழுந்து நிற்கிறாள். கை நிமிர்ந்துவிட்டது, முகம் நேராகிவிட்டது. ஜோங்-டுவின் தலையில் பாட்டிலால் தட்டிச் சிரிக்கிறாள். பிறகு மறுபடியும் நாற்காலி.

அந்தக் காட்சி வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. 'அப்பாடா, எவ்வளவு அழகான பெண்' என்று தோன்றியது. அந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது. அவளைக் காதலியாக நான் ஒப்புக்கொள்ள அவள் உடம்பு ஒரு நிமிஷமாவது 'நார்மல்' ஆக வேண்டியிருந்ததா? கோங்-ஜுவாக நடித்த மூன் சோ-ரிக்கு நிஜத்தில் எந்தக் குறைபாடும் கிடையாது. 2002 வெனிஸ் விழாவில் இந்தப் படத்துக்காக இயக்குநருக்கும் அவருக்கும் விருது கிடைத்தது. அந்த நடிப்பை நான் குறை சொல்லவில்லை. கேள்வி இதுதான்: அவள் எழுந்து நிற்பது யாருக்காக?

---

கூத்தன்:

அவளுக்காகத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படத்தில் அவளை நாம் முதலில் எப்படிப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். கையில் ஒரு கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்தை அதில் பிடித்து மேலே அடிக்கிறாள். அந்த வெளிச்சம் ஒரு வெள்ளைப் புறாவாக அறைக்குள் பறக்கிறது. பிறகு கண்ணாடி உடைந்து சில்லுகளானதும் வெளிச்சம் பட்டாம்பூச்சிகளாகிறது. அவள் சுவரில் 'ஒயாசிஸ்' என்று எழுதிய துணிப்படம் தொங்குகிறது. அதில் ஓர் இந்தியப் பெண், ஒரு சிறுவன், ஒரு யானைக்குட்டி. பின்னால் ஒரு காட்சியில் மூன்று பேரும் படத்தை விட்டு இறங்கி வந்து இவர்களோடு ஆடுகிறார்கள். அதாவது கற்பனை என்பது இந்தப் படத்தில் அவளுடைய சொத்து. புறாவைப் பறக்கவிட்டவள் தன்னையும் ஒரு நிமிஷம் நிற்க வைத்துக்கொள்கிறாள். அதைப் பறிக்க நாம் யார்?

இன்னொன்றும் கவனியுங்கள். எழுந்து நின்றதும் அவள் ஓடவில்லை, ஆடவில்லை. பாட்டிலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். கனவு என்று காட்டப் புகையோ வெள்ளை உடையோ கிடையாது. நம் ஊர் இயக்குநர் யாராவது எடுத்திருந்தால் அங்கே ஒரு பாட்டே வந்திருக்கும். லீ சாங்-டோங் கொடுத்தது காதலிகள் தினமும் செய்யும் ஒரு சின்னச் சேட்டை. அவள் ஆசைப்பட்டதே அதற்குத்தான்.

---

பொன்வண்டு:

கூத்தன் சொல்வதில் பாதி சரி. ஆனால் எது சேட்டை, எது காதல் என்பதை அவள் எதிர் சீட்டிலிருந்துதானே கற்றுக்கொள்கிறாள்? பார்க்கிற படம், விளம்பரம், பஸ், ரயில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உடம்புகள்தான் காதலித்துக்கொண்டிருந்தால் கனவுக்கும் அந்த உடம்புதான் கிடைக்கும்.

நம் வீடுகளில் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "ஆணா, பெண்ணா?" அடுத்தது "குழந்தை நார்மலா இருக்கா?" அந்த வார்த்தையை அன்றைக்குப் பிடித்துக்கொள்கிறோம், கடைசிவரை விடுவதில்லை. சினிமாவும் அதையே கேட்கிறது. கடைசி ரீலில் கண் தெரிந்துவிடும், அல்லது அவர் இறந்துவிடுவார், அல்லது ஒரு மெடல் வாங்கி 'நார்மல் ஆட்களையே' மிஞ்சிவிடுவார். இந்த மூன்றும் இல்லாமல் அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு மாற்றுத்திறனாளியைத் திரையில் எத்தனை தடவை பார்த்திருப்போம்?

---

சுடர்:

நான் இந்த மன்றத்தில் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தங்கைக்கு மூளை முடக்குவாதம். முப்பத்தொரு வயது. அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள்.

எல்லோரும் ரயில் காட்சியைப் பேசுகிறீர்கள். என் வயிற்றைப் பிசைந்தது வேறொரு காட்சி. அந்த அண்ணன் குடிபோன புது வீடு மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கியது, கோங்-ஜு பெயரில் கிடைத்தது. சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அவளை அங்கே தூக்கி வந்து உட்கார வைப்பார்கள். அவர்கள் போனதும் பழைய வீட்டுக்கே திரும்ப. அந்த வீட்டில் அவளுடையது என்று இருப்பது அவள் பெயர் மட்டும்தான்.

சான்றிதழ் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் போனோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மேலே போனதும் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்து "பேர் என்ன?" என்றார். என் பெயரைச் சொன்னேன். "உங்க பேர் இல்லம்மா, இவங்க பேர்" என்றார். தங்கை தன் பெயரைச் சொன்னாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.

மூன் சோ-ரியின் நடிப்பு பற்றியும் ஒன்று. எல்லோரும் பாராட்டுவது புரிகிறது, எனக்கும் பிரமிப்புதான். ஆனால் படம் முழுக்க நான் அந்த மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு விழித்திருக்கும்போது, அதுவும் புது ஆள் யாராவது வந்துவிட்டால், கை இன்னும் முறுக்கிக்கொள்ளும். தூங்கிவிட்டால் விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்து உள்ளங்கை விரிந்துவிடும். பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்வது முறுக்கத்தை மட்டும்.

---

வைகைக்கரை:

சுடர் அக்கா, எழுதியதற்கு நன்றி. மணிக்கட்டு பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

---

நிழற்படம்:

அந்த விரல் தளர்வதைப் பார்க்க வேண்டும் என்றால் நிஜமாகவே அந்த உடம்போடு வாழ்பவர் திரையில் வரவேண்டும். ஜப்பானில் அது நடந்திருக்கிறது. ஹிகாரி இயக்கிய '37 செகண்ட்ஸ்' (2019). பிறந்தபோது 37 விநாடி மூச்சு வராமல் போனதால் மூளை முடக்குவாதத்துக்கு ஆளான யூமா என்ற பெண்ணின் கதை. யூமாவாக வரும் மெய் கயாமாவுக்கு நிஜத்திலும் மூளை முடக்குவாதம். அதற்கு முன் அவர் தொழில்முறை நடிகையும் இல்லை. அந்த வருஷம் பெர்லின் விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது வாங்கிய படம்.

ஆரம்பத்திலேயே ஒரு குளியல் காட்சி. இருபத்து மூன்று வயது மகளின் உடையை அம்மா கழற்றிக் குளிப்பாட்டுகிறார். கேமரா திரும்பிக்கொள்வதும் இல்லை, உற்றுப் பார்ப்பதும் இல்லை. இரண்டு பேருக்கும் பழகிப்போன ஒரு தினசரி வேலை. முதுகு எப்படி வளைகிறது, கை எங்கே ஊன்றுகிறது, அம்மா எந்த இடத்தில் தாங்குகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை நடித்துக் காட்டவே முடியாது.

யூமா மங்கா (ஜப்பானியப் படக்கதை) வரைபவள். ஆனால் தோழியின் பெயரில்தான் அவள் வேலை வெளியே போகிறது. வயது வந்தோருக்கான இதழ் ஒன்றுக்கு வரைந்து எடுத்துப்போனால், ஆசிரியர் அவளிடம் நேராகக் கேட்கிறார், உனக்கு அந்த அனுபவம் உண்டா என்று. இல்லை என்கிறாள். அப்படியானால் அனுபவப்பட்டுவிட்டு வா என்கிறார். கேட்கும்போது நமக்குத் திக்கென்று இருக்கிறது. ஆனால் அவளை வேறெந்த ஓவியரையும் போல நடத்திய முதல் ஆள் அந்தப் பெண் ஆசிரியர்தான். நாற்காலியை ஓட்டிக்கொண்டு யூமா தனியாக டோக்கியோவின் ராத்திரிக்குள் போகிறாள்.

வைகைக்கரையின் கேள்விக்கு எனக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. யூமாவின் கற்பனையில் வேற்றுக்கிரகமே வருகிறது. எழுந்து நடப்பது அவள் கவலையே இல்லை. அவளுக்கு வேண்டியது தான் வரைந்ததன் கீழே தன் பெயர்.

---

பொன்வண்டு:

நிழற்படம், இதைப் படித்ததும் ராமின் 'பேரன்பு' நினைவுக்கு வந்துவிட்டது. 2019இல் தியேட்டரில் பார்த்தேன். மம்மூட்டி அப்பா அமுதவன், சாதனா மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பா. நாப்கின் மாற்ற மகள் அப்பாவை அனுமதிக்காத அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு படம் வந்ததே பெரிய விஷயம் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. பாப்பாவுக்கும் ஆசை உண்டு என்பதை 'பேரன்பு' மறைக்கவில்லை. அதற்காக விலைமகளிர் விடுதிக்குக் கேட்டுப் போவது அப்பா. அவமானப்பட்டுத் திரும்புவதும் அப்பா. கதையைச் சொல்லும் குரலும் அவருடையது. பாப்பாவின் ஆசை அப்பாவின் சுமையாகத்தான் நம்மிடம் வந்து சேருகிறது. யூமா தானே போகிறாள், தானே பணம் கொடுக்கிறாள். அது அசிங்கமாக, அரைகுறையாக முடிகிறது. அந்தத் தோல்விகூட அவளுடையது.

---

கூத்தன்:

நியாயம்தான். ஆனால் பெற்றவர்களின் கண்ணால் பார்ப்பது பொய்யில்லையே. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் உண்மை அதுதான். மாதாமாதம் எல்லாவற்றையும் தனியாகத் தாங்குகிற அப்பாவோ அம்மாவோதான்.

---

சுடர்:

உண்மைதான் கூத்தன். ஆனால் என்னிடம் எல்லோரும் "உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்கிறார்கள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

---

மணியோசை:

வணக்கம். எனக்குப் பார்வை கிடையாது, பிறவியிலிருந்தே. இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் படம் 'பார்ப்பது' என்றால், பக்கத்தில் ஒரு நண்பன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவான். அவன் எதைச் சொல்கிறானோ அதுதான் என் படம்.

பார்வையற்றவர்கள் பற்றிய ஆசியப் படங்களில் எனக்கு நெருக்கமானது லோ யேயின் 'பிளைண்ட் மசாஜ்' (2014, சீனா). நான்ஜிங் நகரில் பார்வையற்றவர்கள் நடத்தும் ஒரு மசாஜ் நிலையம். நடித்தவர்களில் பார்வையுள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. படம் ஆரம்பித்ததும் ஒரு குரல் பெயர்ப்பட்டியலை வாய்விட்டுப் படிக்கிறது. சீனம் எனக்குப் புரியாது. ஆனால் நண்பன் "டைட்டிலைப் படிக்கிறாங்கடா" என்றதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை நான் கேட்ட எந்தப் படத்திலும் டைட்டில் என்பது எனக்கு வெறும் இசைதான்.

அதில் நிலையத்தின் உரிமையாளர் ஷா. அவருக்கும் பார்வையில்லை. டு ஹோங் என்ற பெண் அழகி என்று வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொல்லச் சொல்ல, அந்த அழகு என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி பிடிக்கிறது. அவளை அல்ல, அவள் அழகைக் காதலிக்கிறார். தான் ஒருபோதும் சரிபார்க்க முடியாத, கண்ணுள்ளவர்கள் விலை வைத்த ஒன்றை. எனக்குப் பெண் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் "பொண்ணு நல்ல நிறம்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று அந்தப் படம் முடிந்த ராத்திரிதான் யோசித்தேன்.

மஜீத் மஜீதியின் 'தி கலர் ஆஃப் பாரடைஸ்' (1999, ஈரான்) பலருக்கும் பிடிக்கும். அந்தப் பையன் மோசென் ரமேசானிக்கு நிஜத்திலும் பார்வையில்லை. கூழாங்கற்களையும் கோதுமைக் கதிரையும் பிரெயில் மாதிரி விரலால் படிப்பான். கடவுளை ஒரு நாள் கையால் தொட்டுவிடுவேன் என்று அழுவான். நானும் அழுதேன். ஆனாலும் பார்வையில்லாதவன் என்றால் கடவுளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது எனக்குப் பழகிப்போன ஒரு வலி. தினமும் நான் தேடுவது பஸ் நம்பரை.

இன்னொரு பக்கம் ஜப்பானின் ஸடோய்ச்சி. 1962இல் தொடங்கி ஷின்டாரோ கட்சு நடித்தது மட்டுமே 26 படங்கள். பார்வையற்ற மசாஜ்காரர், கத்தி வீச்சில் ஆளை மிஞ்ச முடியாது, தாயம் உருளும் சத்தத்திலேயே எண்ணைச் சொல்லிவிடுவார். நண்பன் அதைச் சொல்லச் சொல்ல எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாண வீடுகளில் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு "நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று நிற்பார்கள். இருபது வருஷத்துக்கு முன் ஒரு தடவை பேசியவராக இருக்கும். தெரியவில்லை என்றால் அவர் முகம் வாடிப்போகிறது, குரலில் தெரியும். இந்த மாதிரிப் படங்களும் அந்தக் கையைப் பிடித்து என்னிடம் அனுப்பி வைக்கின்றன என்று நினைக்கிறேன்.

---

நிழற்படம்:

மணியோசை அண்ணா, இதையெல்லாம் தனிப் பதிவாகவே போடலாம்.

உங்கள் டைட்டில் விஷயத்தோடு சேர்த்து ஒன்று. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தியேட்டர் படங்களுக்கு ஒலி விவரணையும் (திரையில் நடப்பதைக் குரலில் சொல்வது) காது கேளாதோருக்கான வசன வரிகளும் வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. எழுதும்போதே அவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. திக்குவாயையும் மாறுகண்ணையும் வைத்தே சிரிக்கப் பழகிய நமக்கு அது நேராகச் சொன்னது மாதிரிதான்.

சினிமா சட்டத்தை அசைத்ததும் உண்டு. கொரியாவில் 'சைலன்ஸ்ட்' (2011). குவாங்ஜுவில் காது கேளாத குழந்தைகள் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமை பற்றியது. படம் செப்டம்பரில் வந்தது, அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. படத்தின் கொரியப் பெயரான 'டொகானி'யை வைத்து 'டொகானி சட்டம்' என்றே மக்கள் சொல்கிறார்கள்.

---

கூத்தன்:

நேற்று மறுபடி 'ஒயாசிஸ்' போட்டுப் பார்த்தேன். என் முதல் பதிவிலிருந்து ஒரு அடி பின்வாங்குகிறேன்.

போலீஸ் நிலையக் காட்சி. இருவரும் சேர்ந்திருக்கும்போது அவள் அண்ணன் பார்த்துவிட, ஜோங்-டுவைப் பிடித்துப் போகிறார்கள். இந்தத் தடவை அவள் விரும்பித்தான் நடந்தது. அதை அவள் சொல்லப் பார்க்கிறாள். பதற்றத்தில் வார்த்தை உடைந்து உடைந்து வருகிறது. யாரும் காத்திருக்கவில்லை. கடைசியில் நாற்காலியை அலமாரியில் மோதிக்கொள்கிறாள், மறுபடியும் மறுபடியும். அதைப் பார்த்து அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு செய்துகொள்கிறார்கள்.

அங்கே லீ சாங்-டோங் அவளை எழுந்து நிற்க வைக்கவில்லை. தெளிவாகப் பேசும் கோங்-ஜு ஒருத்தி ரயிலில் வந்தாள், நடைமேடையில் பாடினாள், இங்கே வரவில்லை. ரயில் காட்சியில் எனக்குக் கிடைத்த சுகத்தை இயக்குநர் இங்கே வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறார். அவள் சொல்வது என்னவென்று அந்த அறையில் இருப்பவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. சுடர் அக்கா சொன்ன அந்த மேஜைக்காரர்தான் ஞாபகம் வந்தார்.

---

சுடர்:

நேற்று தங்கைக்கு ரயில் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். இரண்டாவது தடவை போடச் சொன்னாள்.

"உனக்கு இப்படிக் கனவு வருமா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இங்கே அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாள்.

"கனவுல நான் நாற்காலியிலதான் இருப்பேன். கை இப்படியேதான் இருக்கும். ஆனா நான் பேசினா யாரும் 'என்ன? என்ன?'ன்னு கேக்க மாட்டாங்க."

---

வைகைக்கரை:

நான் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

---

மணியோசை:

சுடர் அம்மா, ஒரு வேண்டுகோள். 'ஒயாசிஸ்' நான் பார்த்ததில்லை. என் நண்பன் இப்போது வெளியூரில் இருக்கிறான். உங்கள் தங்கைக்குச் சம்மதம் என்றால் போனில் எனக்கு அந்தப் படத்தைச் சொல்ல முடியுமா?

---

சுடர்:

கேட்டேன். முதலில் நம்பவில்லை, என்னைச் சொல்லச் சொன்னாள். அவரே உன்னைத்தான் கேட்டார் என்றேன். அவள் பேச்சு பிடிபட நேரம் ஆகும் அண்ணா. போனில் இன்னும் கஷ்டம்.

---

மணியோசை:

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை.

---

மணியோசை:

இரண்டரை மணி நேரம் பேசினோம். பழக்கூடை வரை வந்திருக்கிறோம். அவர் ஆரம்பித்ததே சுவரில் தொங்கும் யானைக்குட்டியிலிருந்து. அதன் மேல் மரக்கிளை நிழல் ஆடும், அவளுக்கு அது பயம் என்றார். 'நிழல்' என்ற வார்த்தை எனக்கு மூன்றாவது முறைதான் பிடிபட்டது, அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது. அப்புறம் அந்தப் புறா. என் நண்பனாக இருந்தால் "கிராஃபிக்ஸ்ல ஒரு புறா பறக்குது" என்றிருப்பான். இவர், "அது வெளிச்சம்தான். ஆனா அவ ஒருத்திக்கு மட்டும் புறா. இப்ப உங்களுக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு மீதி.